சுமையும் வழியும்: இரட்சணிய யாத்திரிகம் காட்டும் வாழ்வின் நோக்கம்

தோற்றுவாய்

மனிதன் எதற்காக வாழ்கிறான் என்னும் வினா மிகப் பழமையானது. உண்பதும் உறங்குவதும், ஈட்டுவதும் இழப்பதுமாகக் கழிகின்ற நாள்களுக்கிடையே, என்றேனும் ஒருநாள் அவ்வினா எழுந்து நின்று விடை கேட்கின்றது. தமிழ்ச் சான்றோர் அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கு உறுதிப்பொருள்களை அதற்கு விடையாக வகுத்தனர். பெருங்காப்பியம் எனப்படுவது இந்நான்கையும் கற்பார்க்குப் பயத்தல் வேண்டும் என்று அணியிலக்கணம் விதித்தது. ஆகவே, தமிழில் காப்பியம் செய்யப் புகுந்த எவரும் வாழ்வின் நோக்கம் யாது என்னும் வினாவினின்று தப்பிச் செல்லுதல் இயலாது.

கிறித்தவ நெறி நின்று அவ்வினாவுக்கு விடை காண முயன்ற தமிழ்ப் பெருநூல்களுள் எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் தனிச் சிறப்புடையது. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களாகவும், 3766 பாடல்களாகவும் விரிந்து கிடக்கும் இவ்வுருவகக் காப்பியத்தை, அதன் ஆசிரியர் 'கிறித்தவக் கம்பர்' எனப் பாராட்டப்பெறுவதற்குச் சான்றாகக் காட்டுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். தேர்வுக்குரிய குறிப்பாக அது போதுமானதாக இருக்கலாம். ஆயின், இந்நூல் எழுப்பும் வினாக்களோ பாராட்டுரையோடு அடங்குவன அல்ல. சமயத்தால் கிறித்தவர் அல்லாத மாணவனுக்கு இந்நூல் யாது சொல்கின்றது? அது காட்டும் வாழ்வின் நோக்கம் தமிழ் அறத்தோடு பொருந்துகின்றதா, முரண்படுகின்றதா? இவ்வினாக்களை எதிர்கொள்ளாமல் இந்நூலைக் கற்பிப்பது, கனியின் தோலை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதற்கு ஒப்பாகும்.

ஆசிரியர் நடந்த வழி

கிருட்டிணபிள்ளை 1827ஆம் ஆண்டு நெல்லைச் சீமையைச் சார்ந்த கரையிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் வைணவப் பற்று மிக்கது; கம்பராமாயணம் போற்றிப் பயிலப்பெற்ற இல்லம் அது. இளமையிலேயே இலக்கண இலக்கியங்களைத் துறைபோகக் கற்ற அவர், 1853ஆம் ஆண்டு சாயர்புரத்தில் கிறித்தவத் திருச்சபையார் நடத்திய கல்விநிலையத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். அங்குச் சென்றபொழுது அவர் திருமால் அடியவரே. பிழைப்புக்காகச் சமயத்தை மாற்றிக்கொள்ளும் இயல்பினரும் அல்லர். ஐந்தாண்டுகள் கழிந்த பின்னரே, 1858ஆம் ஆண்டில், சென்னையில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பதைத் தொட்டிருந்தது.

முப்பது என்பது விளையாட்டுப் பருவம் அன்று. குடும்பம், குலம், ஊர், புலமையால் வந்த மதிப்பு ஆகிய அனைத்தும் வேரூன்றிவிட்ட வயது அது. அக்காலத்து நெல்லைச் சீமையில் ஒருவர் சமயம் மாறுவது, வழிபடும் இடத்தை மாற்றிக்கொள்வதாக மட்டும் முடிந்துவிடவில்லை. பந்தியும் உறவும், மணமும் பிணமும் ஆகிய எல்லாவற்றிலும் அது பிளவை உண்டாக்கியது. அவ்விலையை அறிந்தே கிருட்டிணபிள்ளை அவ்வழியில் இறங்கினார். அதனால், பயணத்தை உருவகமாகக் கொண்ட ஒரு கதையை அவர் பிற்காலத்தில் பாடியபொழுது, அது கேள்விப்பட்ட பயணத்தின் கதையாக இல்லாமல், நடந்து தேய்ந்த கால்களின் கதையாக அமைந்தது.

எனினும், அவர் விட்டுச் சென்றவை எவை, உடன்கொண்டு சென்றவை எவை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குலத்தின் சமயத்தை அவர் விட்டார், தமிழை விடவில்லை. கம்பனின் விருத்தத்தையும், அடியார்கள் வளர்த்த பத்திமைப் பாடலின் உருக்கத்தையும் அவர் விடவில்லை. போற்றித் திருவகவல் என்று மாணிக்கவாசகர் தம் பாடலுக்கு வழங்கிய பெயரைத் தம் பாடலுக்கும் அவர் இட்டுக்கொண்டார். காப்பியத்தின் இடையிடையே அமைத்த இசைப்பாக்களுக்குத் தேவாரம் என்றே பெயர் சூட்டினார். புதிய இறைவனைப் பழைய தாய்மொழியின் அன்புச் சொற்களாலேயே அழைத்தார் எனலாம்.

சிறை தந்த மூலநூல்

இரட்சணிய யாத்திரிகம் ஒரு வழிநூல். அதன் மூலம், ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதிய பில்கிரிம்ஸ் புரோகிரஸ் என்னும் உரைநடைக் கதை. பனியன் 1628ஆம் ஆண்டு பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். ஓட்டை விழுந்த பாத்திரங்களைச் செப்பனிடுவது அவருடைய குலத்தொழில். பல்கலைக்கழகத்தின் வாயிலை அவர் மிதித்ததில்லை. அரசின் இசைவின்றிச் சமய உரை நிகழ்த்தினார் என்னும் குற்றத்திற்காக 1660ஆம் ஆண்டு அவர் சிறைப்படுத்தப்பட்டார். இனி உரை நிகழ்த்துவதில்லை என்று உறுதி கூறியிருப்பாராயின் அவர் விடுதலை பெற்றிருக்கலாம். அவர் கூறவில்லை, அதனால் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கழிந்தன. அங்கிருந்தபடியே நாடாக்கள் முடைந்து விற்றுக் குடும்பத்திற்கு உதவினார். அச்சிறை வாழ்வின்போதே இக்கதை தொடங்கப்பெற்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அதன் முதற்பகுதி 1678ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி 1684ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

கதை எளியது. முதுகில் பெருஞ்சுமையும் கையில் ஒரு நூலுமாக ஒரு மனிதன் நின்று அழுகின்றான். தான் வாழும் நகரம் அழியப் போகின்றது என்பதை அந்நூலால் அறிகின்றான். என் செய்வது என்று அறியாமல் கலங்குகின்றான். நற்செய்தியாளன் ஒருவன் வழி காட்ட, நகரை விட்டு நீங்கி, சேற்றில் வீழ்ந்து, மலை ஏறி, பகையை வென்று, சிறைப்பட்டு, மீண்டு, இறுதியில் ஆற்றைக் கடந்து விண்ணகரம் சேர்கின்றான். இக்கதையைச் சாமுவேல் பவுல் ஐயர் 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரில் தமிழ் உரைநடையில் தந்துள்ளார். எளிய மக்களுக்கு அவ்வுரைநடை பயன்பட்டது. கிருட்டிணபிள்ளையோ அதே கதையைக் காப்பியமாக்கினார். மொழிபெயர்ப்பு ஒன்று இயலும் என்னும் நிலையிலும், தமிழ்ப் புலமை உலகம் காப்பியச் செவி கொண்டே கேட்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

தலைவன் யார்?

ஒப்பாரும் மிக்காரும் இல்லாத ஒருவனே காப்பியத் தலைவனாதல் வேண்டும் என்பது தமிழ் மரபு. வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணி அம்மரபை மீறவில்லை. இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரை வளன் என்னும் பெயரால் அது தலைவனாகக் கொண்டது. வளன் தூயவன், குற்றமற்றவன், வணங்கத்தக்கவன்.

இரட்சணிய யாத்திரிகத்தின் தலைவனோ ஆன்ம விசாரி. அவன் அரசனும் அல்லன், முனிவனும் அல்லன். அவனுக்குரிய செல்வமெல்லாம் அவன் முதுகிலுள்ள சுமை ஒன்றே. அவன் அஞ்சுகின்றான், வழி தவறுகின்றான், தவறான அறிவுரைக்குச் செவி சாய்க்கின்றான், உறங்கக் கூடாத இடத்தில் உறங்குகின்றான். இத்தகைய ஒருவனைத் தலைவனாக்கி 3766 பாடல் பாடியது, தமிழ்க் காப்பிய வரலாற்றில் எளிய செயல் அன்று. பெயரிலேயே பொருள் உள்ளது. ஆன்மாவைப் பற்றிக் கவலையுற்று உசாவுகின்ற எவனும் ஆன்ம விசாரியே. நாட்டை ஆள்பவன் வாழ்வுக்கு மட்டுமன்றி, நாடறியா மனிதன் வாழ்வுக்கும் நோக்கம் உண்டு; அவன் நடந்து செல்லும் வழியும் காப்பியத்துக்குரிய பொருளே என்பது இவ்வமைப்பால் பெறப்படும் முதற்கருத்து. காப்பிய இலக்கணத்துக்கு இஃது இழுக்கு என்பாரும் உளராகலாம். இலக்கணத்தை விரித்துப் பொருள்கொண்டது என்பதே பொருத்தமுடைய முடிபாகும்.

இல்லத்தை நீங்குதல் அறமாகுமா?

இந்நூலைப் பயிலும் மாணவர் உள்ளத்தில் தோன்றக்கூடிய கடுமையான ஐயம் ஒன்றுண்டு. மனைவி மக்கள் கூவி அழைக்கவும், பனியனின் பயணி காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். இல்லறமே நல்லறம் என்று கற்ற தமிழ் மாணவன், இது தன்னலம் அன்றோ என்று கேட்பானாயின், அக்கேள்வியை அடக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. அது நேர்மையான கேள்வி.

விடை மூன்று வகையில் அமைதல் கூடும். முதலாவது, இஃது உருவகம். அழிவு நகரம் என்பது ஓர் ஊரன்று, ஒரு மனநிலை. அதை நீங்குதல் என்பது பழைய வாழ்முறையை நீங்குதலே. அந்நீங்குதலைத் தந்தைக்காக மகனோ, கணவனுக்காக மனைவியோ செய்தல் இயலாது. இரண்டாவது, கதையே அவ்வையத்தை மறைக்கவில்லை. பயணி இடைவழியில் ஒரு மாளிகையில் தங்குகின்றான். அங்கே அன்பு என்னும் மங்கை, குடும்பத்தை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று அவனைக் கேட்கின்றாள். அவன் அழுகின்றான். தான் மன்றாடியதையும், அவர்கள் இசையாததையும் சொல்கின்றான். கேட்பவள் பெயர் அன்பு என்பதை நோக்குதல் வேண்டும். அன்பே அவனை விசாரணை செய்கின்றது. மூன்றாவது, இரண்டாம் பகுதியில் மனைவியும் நான்கு மக்களும் அதே வழியில் நடந்து வருகின்றனர். முதற்பகுதியின் பிரிவு இறுதிப் பிரிவன்று.

பனியனின் வாழ்க்கை இதற்கு உரையாக அமைகின்றது. அவர் சிறைப்பட்டபொழுது இல்லத்தில் நான்கு குழந்தைகள் இருந்தனர்; மூத்த மகளோ கண்ணொளி இல்லாதவள். அவர் மனைவி எலிசபெத்து நீதிபதிகள் முன் சென்று கணவரின் விடுதலைக்காக வாதாடினார். அக்குழந்தையை நினைந்து தாம் பட்ட துயரத்தைப் பனியன் தம் வரலாற்று நூலில் மறையாமல் எழுதியுள்ளார். குடும்பத்தை எளிதாகக் கருதியவர் எழுதக்கூடிய எழுத்தன்று அது. வாழ்வின் நோக்கத்தைக் கண்டவனுக்கு உறவு அற்பமாகிவிடுவதில்லை. உறவு அருமையாக இருக்கும்பொழுதே அதனினும் உயர்ந்த ஒன்றுக்கு அவன் உண்மையாக நிற்க வேண்டியிருக்கின்றது. துன்பம் அங்கேதான் பிறக்கின்றது. அத்துன்பத்தைக் காட்டாமல் நோக்கத்தை மட்டும் காட்டும் இலக்கியம் பொய்யுரைக்கும் இலக்கியமாகும்.

அறம் ஒன்றே அமையாதா?

அடுத்து எழும் ஐயம் இதனினும் நுண்ணியது. உலகியல் அறிஞன் ஒருவன் பயணியை வழிமறித்து, இவ்வளவு இடரான பாதை எதற்கு, அருகே நல்லொழுக்கம் என்னும் ஊர் உண்டு, அங்குள்ள நேர்மையாளர் உன் சுமையை இறக்கிவிடுவர் என்று கூறுகின்றான். பயணி அவ்வழியே செல்கின்றான். ஆனால், அங்குள்ள குன்றோ தன் மேல் சாய்ந்துவிடும் என்று தோன்றுமாறு அச்சுறுத்துகின்றது. சுமையும் முன்னிலும் கனக்கின்றது. அறநூல்களைத் தலைமேற்கொண்ட தமிழருக்கு இப்பகுதி உறுத்தும். அறத்தை இழித்துரைப்பதா என்று கேட்கத் தோன்றும்.

கிருட்டிணபிள்ளை அறத்தை இழிவாகக் கருதியவர் அல்லர். தமிழ் இலக்கியங்களினின்று தெரிந்தெடுத்த பாடல்களைக் காவிய தர்ம சங்கிரகம் என்னும் தொகுப்பாக அவரே தந்துள்ளார். அவ்வாறாயின், இப்பகுதியின் உட்பொருள் யாது? ஒழுக்கம் வேண்டுவதில்லை என்பதன்று. ஒழுக்கத்தைக் கணக்கேட்டில் வரவு வைத்து, அதனால் தான் கடன் தீர்ந்தவன் என்று ஒருவன் எண்ணுவானாயின், அவ்வெண்ணமே அவனுக்குப் புதிய சுமையாகின்றது என்பதே அது. எத்துணை நற்செயல் செய்தால் போதும் என்பதற்கு எல்லை ஏது? குற்ற உணர்வு உடையவன் தன் கையாலேயே தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாது. பிறிதொரு கை நீளுதல் வேண்டும். அக்கையைக் கிறித்தவம் அருள் என்று அழைக்கின்றது. அருள் என்னும் சொல்லோ தமிழுக்குப் புதிதன்று. இறைவன் தாளை வணங்குவதற்கும் அவன் அருளே வேண்டும் என்னும் கருத்தில் சைவ அடியாரும், தம்மால் ஆவது ஒன்றில்லை என்று திருமாலிடம் அடைக்கலம் புகுந்த ஆழ்வாரும் திளைத்தவர்களே. வைணவராய்ப் பிறந்த கிருட்டிணபிள்ளைக்கு அடைக்கலம் என்பது பழகிய சொல். அறத்தின் இடத்தை அவர் மாற்றினார், மதிப்பைக் குறைக்கவில்லை. அருளைப் பெறுவதற்கு விலையாக இருந்த அறம், அருளைப் பெற்றதன் விளைவாக மாறியது. வேர் எது, கனி எது என்பதில்தான் வேறுபாடு.

அச்சத்தினின்று அன்புக்கு

மூலநூலோடு வழிநூலை ஒப்பிடும்பொழுது தோன்றும் தலையாய வேறுபாடு ஒன்றுண்டு. பனியனின் கதையில் பயணி சிலுவையின் அருகே வருகின்றான். சுமை தானே அவிழ்ந்து உருண்டு வீழ்கின்றது. இந்நிகழ்ச்சியைச் சில வரிகளிலேயே பனியன் முடித்துவிடுகின்றார். சிலுவையில் மாண்டவர் யார், எவ்வாறு மாண்டார் என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. அவருடைய நாட்டில் அவ்வரலாற்றை அறியாத குழந்தையும் இல்லை. அதனால் விரிக்க வேண்டிய தேவை எழவில்லை.

கிருட்டிணபிள்ளையின் நிலை வேறு. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசு பெருமானின் இறுதிக்கால நிகழ்ச்சிகளை அவர் விரிவாகப் பாடினார். பகைவர் கயிற்றால் பிணிக்கின்றனர். பெருமான் அதற்கு உடன்பட்டு நிற்கின்றார். அக்கயிற்றினின்று விடுபட அவருக்கு ஆற்றலில்லையா? உண்டு. ஆயின், தம்மைப் பழித்து ஆரவாரிக்கும் மக்கள் மீது கொண்ட அன்பு என்னும் கட்டினின்றே அவரால் விடுபட இயலவில்லை என்று கவிஞர் காட்டுகின்றார். கொடுமையைக் கண்டு நின்ற நல்லோர், மண்ணும் விண்ணும் கடலும் இன்னும் நிலைகுலையாமல் இருப்பது ஏன் என்று கலங்கிப் புலம்புவதையும் அவர் பாடுகின்றார்.

கதையின் ஓட்டத்தை இப்பகுதி தடுக்கின்றது என்று குறை கூறுவோர் உண்டு. கதை மட்டுமே கருத்தாயின் அக்குறை உண்மையே. ஆனால், பொருள் நோக்கில் இதுவே காப்பியத்தின் இதயம். பனியனின் பயணி பெரும்பாலும் அச்சத்தால் துரத்தப்பட்டுப் புறப்படுகின்றான். பின்னால் நெருப்பு இருக்கின்றது என்பதால் முன்னால் ஓடுகின்றான். கிருட்டிணபிள்ளையின் காப்பியத்திலும் அவ்வச்சம் உண்டு. ஆயினும், இயேசுவின் பாடுகளைக் கற்பார் கண்முன் நிறுத்தியதால், துரத்தும் அச்சத்தினும் ஈர்க்கும் அன்பு வலிமை பெறுகின்றது. அச்சம் மனிதனை ஓரிடத்தை விட்டு நீங்கச் செய்யும். சேருமிடத்தை விரும்பச் செய்யாது. தப்பித்தல் என்பது வாழ்வின் நோக்கமாகாது. ஒருவர்க்கு உரியவனாதலே நோக்கமாகும். தன் பொருட்டுக் கட்டுண்ட ஒருவரை அறிந்த பின்னர், அவர்க்காக வாழ்வதே வாழ்வென்று கொள்ளும் அடியவன் உள்ளம் பிறக்கின்றது. தேவாரப் பாடல்கள் இடையிடையே ஒலிப்பதும் இதனால்தான். வழி நெடுகப் பாடிக்கொண்டு செல்பவன் துரத்தப்படுபவனாக இருத்தல் இயலாது.

துணைவனும் திறவுகோலும்

நோக்கம் ஒன்றைக் கண்டுவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று இந்நூல் கூறவில்லை. மாயாபுரி என்னும் சந்தை நகரில் வீடும் நிலமும், பட்டமும் பதவியும், உயிரும் ஆன்மாவும் விலை போகின்றன. அங்கே உண்மையன்றி வேறெதனையும் கொள்வதற்கு இசையாத நிதானி கொல்லப்படுகின்றான். நல்லவன் வெல்வான் என்னும் எளிய நீதியை எதிர்பார்ப்பார்க்கு இந்நிகழ்ச்சி அதிர்ச்சி தரும். ஆயின், அவன் சாவைக் கண்டு மற்றொருவன் நம்பிக்கை கொண்டு துணையாகச் சேர்கின்றான். ஒருவன் உறுதி வீணாவதில்லை. அது பிறிதொருவன் காலுக்கு வலிமையாகின்றது.

பின்னர் வரும் ஐயக் கோட்டைப் பகுதி, இளைஞர்கள் கருத்தூன்றிக் கற்கத்தக்கது. பனியனின் கதையில், மனமுறிவு என்னும் அரக்கன் பயணியையும் துணைவனையும் இருட்டறையில் அடைக்கின்றான்; அடிக்கின்றான்; உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு தூண்டுகின்றான். நெடுந்தொலைவு நடந்து, பகையை வென்று, சுமை நீங்கப்பெற்ற பயணியே அவ்வெண்ணத்துக்கு இடங்கொடுக்கத் தொடங்குகின்றான். அவனைத் தடுப்பவன் துணைவன். முன்பு நீ கடந்து வந்தவற்றை எண்ணிப் பார் என்று அவன் நினைவூட்டுகின்றான். பின்னர் இருவரும் இரவெல்லாம் வேண்டுகின்றனர். விடியும் வேளையில் பயணிக்கு நினைவு வருகின்றது: வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்தது! கதவுகள் திறக்கின்றன.

நம்பிக்கை உடையோர்க்கும் மனமுறிவு வரும் என்பதை ஒப்புக்கொள்ளும் நேர்மை இப்பகுதியில் உள்ளது. துயருற்றவனை நம்பிக்கை குறைந்தவன் என்று இது பழிக்கவில்லை. அவனுக்குத் துணை வேண்டும், நினைவூட்டுவார் வேண்டும், விடியும்வரை உடனிருப்பார் வேண்டும். வாழ்வின் நோக்கத்தை ஒருவன் தனித்துக் காண்பதாகத் தோன்றினும், அதைக் காத்துக்கொள்வது தனித்து இயலுவதன்று. சமய எல்லையைக் கடந்து எவர்க்கும் பயன்படும் உண்மை இது.

குறைகள்

இரட்சணிய யாத்திரிகம் குறையற்ற நூல் அன்று. பனியனின் மாந்தர் சந்தையிலும் தெருவிலும் பேசும் மொழியில் பேசுகின்றனர். ஒவ்வொருவர் பேச்சிலும் அவரவர் குணம் ஒலிக்கின்றது. காப்பிய விருத்தத்திலோ அறிஞனும் பேதையும், நல்லவனும் வஞ்சகனும் ஏறத்தாழ ஒரே பெருமித நடையில் உரையாட நேர்கின்றது. மூலத்தில் இழையோடும் நகைச்சுவை வழிநூலில் மங்கிவிடுகின்றது. வடசொற் கலப்பு மிக்க நடையும் உருவகங்களின் மேல் உருவகங்களை அடுக்கும் முறையும் இன்றைய மாணவனை அயர்வுறச் செய்கின்றன. பாத்திரம் செப்பனிடுவோர் ஒருவர் தம்மைப் போன்றார்க்கு எழுதிய கதை, தமிழில் புலவர்க்குரியதாகிவிட்டது என்னும் முரணையும் மறுத்தல் அரிது.

எனினும், இக்குறைக்கு ஒரு காரணமுண்டு. அந்நாளில் கிறித்தவத் தமிழை அயலார் தமிழ் என்று எள்ளி ஒதுக்கியோர் இருந்தனர். அம்மொழியில் கம்பனின் மிடுக்கையும் அடியாரின் உருக்கத்தையும் ஏற்றிக்காட்ட வேண்டிய கடமை கிருட்டிணபிள்ளைக்கு இருந்தது. புதிய நம்பிக்கையை ஏற்றவன் தன் மொழிக்கும் மரபுக்கும் அயலானாக வேண்டுவதில்லை என்பதை வாதத்தால் நிறுவுதல் இயலாது. காப்பியம் செய்தே நிறுவுதல் வேண்டும். அவர் செய்து காட்டினார்.

வகுப்பறையில் இந்நூல்

பல சமயத்து மாணவர் ஒருங்கே அமர்ந்திருக்கும் தமிழ் வகுப்பில் இந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இருவகைப் பிழை நேர்தல் கூடும். ஒன்று, சமயத்தைத் தொடாமல் அணிநலத்தை மட்டும் கூறி முடிப்பது. மற்றொன்று, இலக்கியத்தை மறந்து சமயப் பரப்புரையாக்கிவிடுவது. முன்னதில் நூலின் உயிர் போகின்றது. பின்னதில் மாணவனின் உரிமை போகின்றது. ஆழ்வார் பாடலை ஒரு கிறித்தவ மாணவனும், சீறாப்புராணத்தை ஓர் இந்து மாணவனும், இந்நூலை ஓர் இசுலாமிய மாணவனும் கற்பது, பிறர் எதனை நம்பி வாழ்கின்றனர் என்பதை அவர்தம் சொற்களிலேயே கேட்டறியும் பயிற்சியாகும். ஏற்பதும் ஏலாமையும் அவனவன் உள்ளத்துக்குரியது. கேட்டறிதலோ கற்றவன் கடமை.

ஆசிரியர் மாணவரிடம் கேட்கத்தக்க வினாக்கள் சில உள. ஆன்ம விசாரியின் சுமை எது? மாயாபுரியின் கடைகள் இன்று எவ்வெப்பெயரில் உள்ளன? ஐயக் கோட்டையில் அகப்பட்ட நண்பனுக்கு நீ யாது சொல்வாய்? இவ்வினாக்களுக்கு மாணவன் தன் வாழ்விலிருந்து விடை தேடத் தொடங்குவானாயின், நூல் அவனுள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

முடிவுரை

விண்ணகர வாயில்வரை வந்தும் உள்ளே புகாத ஒருவனைப் பனியன் கதையின் இறுதியில் காட்டுகின்றார். அறியாமை என்பது அவன் பெயர். தான் வந்து சேர்ந்துவிட்டதாக அவன் முன்னரே உறுதி கொண்டிருந்தான். தன்னை ஒருநாளும் ஐயுற்றதில்லை. சேற்றில் வீழ்ந்தவனும் இருட்டறையில் அழுதவனும் உள்ளே சென்றனர். எவ்விடத்தும் இடறாதவன் வெளியே நிறுத்தப்பட்டான். வாழ்வின் நோக்கம் என்பது கையில் பெற்று முடித்துவிட்ட உடைமையன்று. நாள்தோறும் நடந்து காண வேண்டிய வழி என்பதே இதனால் விளங்குகின்றது.

அவ்வழி எத்தகையது என்பதற்கு ஆசிரியரின் உழைப்பே சான்று. பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த நற்போதகம் என்னும் திங்களிதழில் இக்காப்பியம் 13 ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. பகுத்து நோக்கின், திங்களுக்கு ஏறத்தாழ 24 பாடல்கள். பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டும், குடும்பச் சுமையைத் தாங்கிக்கொண்டும், முதுமையை எதிர்நோக்கிக்கொண்டும் ஒரு தமிழாசிரியர் திங்கள்தோறும் அவ்வளவு பாடினார். 1894ஆம் ஆண்டு நூல் முழுமையாக அச்சேறியபொழுது அவர் அகவை 67. 1900ஆம் ஆண்டு அவர் மறைந்தார். பயணத்தைப் பற்றிப் பாடியவரின் பயணம் அப்பாடல்களே. முப்பதாம் வயதில் அவர் கண்ட நோக்கம், அறுபத்தேழாம் வயதிலும் அவர் கையில் எழுதுகோலாக இருந்தது. நம்பிக்கை ஒரு மனிதனுக்குத் தரக்கூடியவற்றுள் இதனினும் சிறந்த சான்று வேறொன்று தேவையில்லை.